ஒரு பெயர், பல வேலை

கணினி என்றதும், அது நமக்கு எட்டாத வித்தை என்று ஒதுங்குவோர் நம்மில் பலர் உண்டு. ஆனால் அதற்குள் நடக்கும் சில காரியங்களை நாம் அன்றாடம் பேச்சிலேயே செய்து வருகிறோம். அவற்றுள் ஒன்றை இன்று பார்ப்போம். பாடநூல்கள் அதைப் பணிமிகுப்பு என்கின்றன. கணினித் தொழிலில் இருப்பவர்கள் ஓவர்லோடிங் என்பார்கள்.

'போடு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். காப்பி போடு என்றால் அடுப்படிக்குப் போகிறோம். சட்டை போடு என்றால் உடுத்துகிறோம். கணக்குப் போடு என்றால் பென்சிலை எடுக்கிறோம். சொல் ஒன்றுதான், வேலையோ மூன்று. எந்த வேலை என்பதை, கூட வரும் சொல்லே நமக்குக் காட்டிவிடுகிறது.

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலை தொடங்கும் இடத்தில் தேக்கா சந்தை இருக்கிறது. அங்குள்ள சாப்பாட்டுக் கடைகளில் 'தே' என்று மட்டும் சொன்னால், இனிப்பான டின் பால் கலந்த தேநீர் வரும். 'தே ஓ' என்றால் பால் இல்லாமல் சீனி மட்டும் போட்டது. 'தே சி' என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சீனியும் சேர்ந்தது. 'தே ஓ கோசோங்' என்றால் பாலும் இல்லை, சீனியும் இல்லை. 'தே ஹாலியா' என்றால் இஞ்சித் தேநீர். ஒவ்வொன்றுக்கும் முற்றிலும் புதிய பெயர் வைத்திருந்தால் வாங்குவோருக்கும் விற்போருக்கும் எவ்வளவு தொல்லை! 'தே' என்ற ஒரே பெயரை வைத்துக்கொண்டு, கூடச் சேரும் சொல்லால் பிரித்துக்கொள்கிறார்கள்.

நிரல் எழுதுவோரும் இதையே செய்கிறார்கள். நிரல் என்பது கணினிக்கு நாம் எழுதும் கட்டளைத் தொடர். அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் உண்டு. பழைய சி மொழியில் ஒரு பெயருக்கு ஒரு வேலைதான். ஓர் எண்ணின் கழித்தல் குறியை நீக்கவேண்டும் என்றால், சாதாரண முழு எண்ணுக்கு ஆப்ஸ், நீண்ட முழு எண்ணுக்கு லாப்ஸ், தசம எண்ணுக்கு எஃபாப்ஸ் என்று மூன்று பெயர்களை நினைவில் வைக்கவேண்டும்.

பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரூப் 1979-இல் தொடங்கிய முயற்சி, 1983-இல் சி பிளஸ் பிளஸ் என்று பெயர் பெற்றது. 1985-இல் அது விற்பனைக்கு வந்தது. அதில் ஒரே பெயரில் பல செயல்களை எழுதலாம். இந்த வசதி முன்பே வேறு சில மொழிகளில் இருந்ததுதான். ஆயினும் அதைப் பரவலாக்கியதில் சி பிளஸ் பிளஸ்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு. 1995-இல் வெளியான ஜாவா மொழியிலும் இவ்வசதி உண்டு. திரையில் ஒரு வரியை அச்சிடும் பிரிண்ட்லைன் என்ற செயலுக்கு ஜாவாவில் பத்து வடிவங்கள் இருக்கின்றன. எழுத்தைக் கொடுத்தால் ஒன்று, எண்ணைக் கொடுத்தால் வேறொன்று, எதுவும் கொடுக்காவிட்டால் வெற்று வரிக்கென்று இன்னொன்று.

இவற்றுள் எதை எடுப்பது என்று முடிவு செய்வது யார்? நாம் எழுதியதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் நிரல்பெயர்ப்பி. அது மூன்றைப் பார்க்கிறது: எத்தனை பொருள் கொடுத்தோம், அவை எந்த வகை, எந்த வரிசையில் கொடுத்தோம். வரப்போகும் விடையின் வகையை வைத்து அது பிரிப்பதில்லை. கடைக்காரரும் நாம் கேட்பதை வைத்துத்தானே கலக்குகிறார்? கலக்கி முடித்த கோப்பையைப் பார்த்தா முடிவு செய்வார்? இரண்டு வடிவங்கள் சமமாகப் பொருந்தினால், நிரல்பெயர்ப்பி வேலையை நிறுத்திப் பிழை என்று சொல்லிவிடும். அதனால் கெடுதல் இல்லை.

கெடுதல் வேறோர் இடத்தில் இருக்கிறது. நாம் நினைக்காத வடிவம் சரியாகப் பொருந்திவிட்டால், அது வாய் திறவாமல் அதையே செய்துவிடும்.

ஒரு தோட்டத்தின் செக்ரோலைக் கணினியில் ஏற்றியிருப்பதாக வைத்துக்கொள்வோம். தொழிலாளர் எண்கள் 7, 3, 5, 9, 2 என்ற வரிசையில் ஜாவாவின் பட்டியல் ஒன்றில் இருக்கின்றன. மூன்றாம் எண்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார்; அவர் எண்ணை எடுக்கவேண்டும். நீக்கு என்று பொருள்படும் ரிமூவ் என்ற செயலுக்கு அங்கே இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று, சொன்ன இடத்தில் இருப்பதை நீக்கும். மற்றது, சொன்ன பொருளையே தேடி நீக்கும். ரிமூவ் என்று எழுதி, வெறும் 3 என்று கொடுத்தால், ஜாவா அதை இடம் என்றே எடுத்துக்கொள்ளும். இடங்களை அது பூச்சியத்திலிருந்து எண்ணும். ஆகவே 7 பூச்சியமாவது இடம், 3 ஒன்றாவது, 5 இரண்டாவது, 9 மூன்றாவது. நீங்குவது ஒன்பதாம் எண்காரர்! பிழை என்று எந்த எச்சரிக்கையும் வராது. விடியற்காலைப் பெரட்டில் நின்று, நாள் முழுதும் பால் வெட்டியவருக்கு மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் பெயர் இராது. ஓய்வு பெற்றவரின் எண்ணோ பட்டியலில் அப்படியே நிற்கும்.

இதற்குப் பரிகாரம் எளியது. அந்த 3 ஓர் இடம் அல்ல, ஒரு பொருள் என்பதை வெளிப்படையாகக் குறித்துக் கொடுக்கவேண்டும். அப்போது இரண்டாவது வடிவம் எடுக்கப்படும்; உரிய எண் நீங்கும். எழுதியவர் ஐந்தாறு எண்களைத் தாளில் எழுதி ஒருமுறை சோதித்துப் பார்த்திருந்தாலும், தவறு உடனே தெரிந்திருக்கும்.

கணினி படிக்கும் நம் பிள்ளைகள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். தேக்காக் கடைக்காரருக்குச் சந்தேகம் வந்தால், "பால் போட்டா, போடாமலா?" என்று நம் முகத்தைப் பார்த்துக் கேட்பார். இயந்திரத்துக்கு முகம் தெரியாது. நாம் நினைத்ததை அது செய்யாது. நாம் கொடுத்ததைத்தான் செய்யும். பெயர் ஒன்றாக இருப்பது வசதி. கொடுப்பதைத் தெளிவாகக் கொடுப்பது நம் பொறுப்பு. அந்தத் தெளிவில்தான் ஒருவருடைய கூலி அடங்கியிருக்கிறது.