திறமையும் முரண்டும்

திறமை உடையவன் முரண்டு பிடித்தால் அவனை ஏற்பதா, விலக்குவதா? அரசன் அமைச்சனைத் தேடிய காலந்தொட்டு, ஆட்டக்குழு ஆளைத் தேடும் இக்காலம்வரை மாறாமல் எழுகின்ற வினா இது. திருக்குறளில் இவ்வினாவை ஒட்டி இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 51ஆம் அதிகாரமாகிய 'தெரிந்துதெளிதல்' ஆளை ஆராய்ந்து ஏற்பதைச் சொல்லும். 52ஆம் அதிகாரமாகிய 'தெரிந்துவினையாடல்' ஏற்றவனுக்குத் தக்க வேலையைத் தருவதைச் சொல்லும். ஆளைத் தேர்வதோடு தலைவனின் கடமை முடிந்துவிடவில்லை என்பதை அந்த வரிசையே உணர்த்துகிறது.

இக்கருத்தைச் சோதித்துப் பார்க்க இன்றைய ஆட்டக்களம் நல்ல இடமாகும். கொடுத்த விலை இன்னது, பெற்ற பயன் இன்னது என்று அங்கே கணக்குத் தெரிந்துவிடுகிறது.

அமெரிக்கக் களம்

அமெரிக்கர் காற்பந்து என்று அழைக்கும் ஆட்டம் நாம் அறிந்த காற்பந்து அன்று. அதில் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவர். தலைமை ஆட்டக்காரர் பின்னிருந்து பந்தை எறிய, முன்னே விரைந்தோடி அதைப் பிடிப்பவரைப் பந்து ஏந்துபவர் எனலாம். விரைவும் உயரமும் கைத்திறனும் ஒருங்கே வாய்த்தவர்களே இவ்விடத்திற்கு வருவர். குழுக்கள் ஆட்களைத் தம்முள் மாற்றிக்கொள்வதும் உண்டு. அங்குள்ள 32 குழுக்களும் ஆண்டுதோறும் இளைஞர்களை ஏழு சுற்றுகளில் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. அந்தத் தேர்வு முறையையே விலையாகக் கொடுத்து மற்றொரு குழுவின் ஆட்டக்காரரைப் பெறலாம்.

ராண்டி மாஸ் என்பவர் இத்தகைய ஆட்டக்காரர். மனம் இருந்தால்தான் ஆடுவேன் என்னும் பொருள்பட 2001இல் அவர் கூறிய சொல் பல ஆண்டுகள் அவரைத் துரத்தியது. 2006இல் ஓக்லந்துக் குழுவில் சோர்ந்து ஆடினார். இனி இவரால் பயனில்லை என்று பலர் முடிவு கட்டினர். 2007இல் நியூ இங்கிலாந்துக் குழு நான்காம் சுற்றின் ஒரே ஒரு தேர்வைக் கொடுத்து அவரைப் பெற்றது. வரிசையில் அது 110ஆம் இடம். மாஸும் தம் ஊதியத்தைக் குறைத்துக்கொண்டு வந்தார். அவ்வாண்டில் 23 முறை எல்லைக்குள் பந்தைப் பிடித்து, ஒரு பருவத்திற்கான புதிய உச்சத்தை நிறுவினார். குழுவும் முறையாட்டங்கள் 16இலும் வென்றது. இறுதியாட்டத்தில் மட்டும் தோற்றது.

இதைக் கண்டு, முரண்டு பிடிப்பவரை வாங்கினால் முத்துக் கிடைக்கும் என்று எண்ணிவிடுதல் பிழை. 2019 மார்ச்சில் அதே ஓக்லந்துக் குழு, மூன்றாம் சுற்றிலும் ஐந்தாம் சுற்றிலும் ஒவ்வொரு தேர்வைக் கொடுத்து அந்தோனியோ பிரவுனைப் பெற்றது. திறமையில் அவர் யாருக்கும் குறைந்தவர் அல்லர். ஆயினும் குழுவோடு ஓயாத பிணக்கு. அவ்வாண்டுச் செப்டம்பரில், ஒரு முறையாட்டம்கூட ஆடாமலே அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர்த் தாம்பாக் குழுவில் சேர்ந்து, 2021 பிப்ரவரியில் நடந்த இறுதி வெற்றியில் பங்கு பெற்றார். அடுத்த ஆண்டு சனவரி 2ஆம் நாள், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே சட்டையைக் கழற்றிவிட்டுக் களத்தை விட்டு வெளியேறினார்.

இவ்விருவருக்கும் இடையில் நிற்பவர் தெரல் ஓவன்ஸ். 2004இல் பிலடெல்பியாக் குழு அவரைப் பெற்றது. கால் எலும்பு முறிந்து ஏழு வாரமே ஆன நிலையிலும் அப்பருவத்தின் இறுதியாட்டத்தில் நன்கு ஆடினார். அடுத்த பருவத்திலோ குழுவையும் பந்தெறியும் தலைமை ஆட்டக்காரரையும் வெளிப்படையாகப் பழித்தார். பருவம் பாதியை எட்டும் வேளையில் குழு அவரை ஒதுக்கி வைத்தது.

சென்னையின் துணிவு

தமிழ் மக்கள் நன்கறிந்த எடுத்துக்காட்டு சென்னையில் உண்டு. குஜராத்தின் ஜாம்நகர்ப் பகுதியில் 1988இல் பிறந்த ரவீந்திர ஜடேஜா, 2008இல் ஐ.பி.எல். கிரிக்கெட் தொடங்கியபோது ராஜஸ்தான் குழுவில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 19. தலைவராக இருந்தவர் ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்ன். இளைஞரின் திறமையை வியந்து போற்றிய வார்ன், அவர் நேரத்திற்கு வராத வழக்கத்தையும் மறைக்கவில்லை. மீண்டும் தாமதமாக வந்த ஒருநாள், திரும்பும் வழியில் பேருந்தை நிறுத்தி, இறங்கி நடந்து வரும்படி செய்ததை வார்ன் பின்னாளில் விவரித்திருக்கிறார். தண்டனை சிறியது. ஆனால் உரிய நேரத்தில், நேருக்கு நேர் தரப்பட்டது. ஒழுங்கு இல்லை என்று வார்ன் அவரைக் குழுவிலிருந்து விரட்டிவிடவில்லை என்பதும் நோக்கத்தக்கது.

அடுத்து வந்தது பெரிய சறுக்கல். தம் குழுவின் விடுவிப்பு இல்லாமலே மற்றொரு குழுவோடு ஒப்பந்தம் பேச முயன்றார் என்பதற்காக, 2010ஆம் ஆண்டுப் போட்டிகள் முழுவதிலும் ஆட அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. 2011இல் கொச்சிக் குழுவுக்கு ஆடினார். அக்குழுவும் ஓராண்டில் கலைந்தது.

இத்தகைய வரலாறு உடையவரை 2012 ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் 20 இலட்சம் அமெரிக்க டாலருக்கு எடுத்தது. டெக்கான் சார்ஜர்ஸ் குழுவும் அதே தொகை கேட்டதால், இரு குழுவும் மறைவாக எழுதித் தந்த கூடுதல் தொகையைக் கொண்டே முடிவு செய்தனர். இது மாஸைப் பெற்றதுபோல் மலிவான வாணிகம் அன்று. அவ்வளவு கொடுப்பதா என்று அன்று கேட்டவர் பலர்.

அங்கே மகேந்திரசிங் தோனியின் தலைமையில் ஜடேஜாவுக்கு வேலை தெளிவாக வகுக்கப்பட்டிருந்தது. இடக்கையால் சுழற்பந்து வீச வேண்டும்; களத்தில் பந்தைத் தடுக்க வேண்டும்; பின்வரிசையில் மட்டை ஏந்த வேண்டும். இந்த மூன்றிலும் அவர் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்தார். 2022இல் அவருக்குத் தலைமைப் பொறுப்புத் தரப்பட்டது. எட்டு ஆட்டங்களில் ஆறு தோல்வி. பொறுப்பைத் திருப்பித் தந்துவிட்டார். திறமையில் குறைவில்லை, தந்த வேலை பொருந்தவில்லை. அடுத்த ஆண்டு அகமதாபாத் இறுதியாட்டத்தில் கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டம் தேவைப்பட்டது. ஜடேஜா ஓர் ஆறும் ஒரு நான்கும் அடித்துச் சென்னைக்கு ஐந்தாவது கோப்பையைப் பெற்றுத் தந்தார். தலைவராகத் தோற்றவர் தமக்குரிய வேலையில் வென்றார்.

சென்னைக் குழுவில் 12 பருவங்கள் ஆடிய அவர், 2025 நவம்பரில் சாம் கரனோடு ராஜஸ்தானுக்கு மாற்றப்பட்டார். சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். இளமையில் நடக்கவிட்ட குழுவே, முதிர்ந்த வயதில் அவரைக் கேட்டுப் பெற்றுக்கொண்டது.

எடைபோடும் முறை

இந்நிகழ்ச்சிகளை ஒருங்கே நோக்கினால் மூன்று உண்மைகள் புலனாகின்றன.

முதலாவது, குறைகள் எல்லாம் ஒரே இனம் அல்ல. நேரம் தவறுதல், அவசரப்படுதல் ஆகியவை இளமையின் குறை, கண்டிப்பில் தீரும். மனம் சோர்ந்து உழைப்பைக் குறைத்தல் சூழ்நிலையின் குறை. இடம் மாறினால் தீரலாம். உடன் உழைப்பவரை இழிவு செய்தலும், குழுவோடு ஓயாமல் பகைத்தலும் வேறு இனம். அவை போகும் இடமெல்லாம் கூடவே போகும். சில காலம் அடங்கியிருந்து மீண்டும் தலைகாட்டும்.

இரண்டாவது, விலை தாங்கக்கூடியதா என்று பார்க்க வேண்டும். இழந்தாலும் குலைந்துபோகாத அளவு கொடுத்தே நியூ இங்கிலாந்து துணிந்தது. விலை என்பது பணம் மட்டும் அன்று. நேரத்திற்கு வந்து, சொன்னதைச் செய்து, பேசாமல் உழைக்கும் பத்துப் பேரின் மனமும் அந்த விலையில் சேரும். முரண்டு பிடிப்பவருக்கு ஒரு சட்டம், அடங்கியிருப்பவருக்கு ஒரு சட்டம் என்றால் அந்தப் பத்துப் பேரும் உள்ளத்தால் விலகிவிடுவர். வார்ன் பேருந்தை நிறுத்தியது அவர்களுக்காகவும்தான்.

மூன்றாவதே தலையாயது: ஏற்கும் வீடு எப்படிப்பட்டது? மாஸின் கால்கள் ஓராண்டில் புதிதாக முளைத்தவை அல்ல, மாறியது குழு. நிலையான தலைவர், வகுத்துத் தந்த வேலை, எல்லார்க்கும் பொதுவான ஒழுங்கு என்னும் இவை இருக்கும் வீட்டில் திறமை தங்கும். இவை இல்லாத குழு, திறமையை வாங்கித் தன் குழப்பத்தைப் போக்கிக்கொள்ள நினைத்தால் குழப்பம் இரட்டிக்கும்.

பள்ளிக்கூடத்தில்

இந்த வழக்கு ஆட்டக்களத்தோடு நிற்பதன்று. ஒரு பள்ளியில் முரண்டன் என்று பெயர் வாங்கிய மாணவன் மற்றொரு பள்ளிக்கு மாற்றலாகி வருகிறான். கணக்கில் கூர்மையானவன், வகுப்பிலோ அடங்காதவன். 150 மாணவருக்கும் குறைந்த தோட்டப் பள்ளியில் ஓர் ஆண்டிற்கு ஒரே வகுப்புத்தான். அங்கிருந்து எடுத்து இன்னொரு வகுப்பில் போட வழியில்லை. ஏற்றால் அந்த வகுப்பு முழுவதும் ஏற்கிறது; மறுத்தால் அடுத்த பள்ளி பத்து மைல் தள்ளி இருக்கும்.

ஆட்டக்குழுவுக்கும் பள்ளிக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. குழு, பயனில்லை என்று கண்டால் ஆளை விடுவித்துவிடலாம். பள்ளி அவ்வாறு கணக்கு முடித்துக்கொள்ள முடியாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் தோன்றும் குறை பெரும்பாலும் முதல் இரண்டு இனத்தைச் சேர்ந்தது. ஆகவே ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி, 'இவனை ஏற்கலாமா?' என்பதன்று. 'இவனுக்கு என்ன வேலை தருவது? இவன் தவறும்போது யார், எப்போது, எப்படிச் சொல்வது? மற்ற பிள்ளைகளுக்கு நட்டம் வராமல் காப்பது எவ்வாறு?' என்பனவே கேள்விகள்.

பிரிஞ்சாங் மலைச்சரிவில் இடுப்பளவு உயரத்தில் பாய்விரித்தாற்போல் நிற்கும் தேயிலைச் செடி, இயல்பில் மரமாக ஓங்கக்கூடியது. அதன் வீரியமே அதன் தொல்லை. அதற்காக அதை யாரும் வேரோடு பிடுங்குவதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறார்கள். வெட்டியபின் சில மாதங்கள் அந்த நிரையில் கொழுந்து இராது. அந்த வருமான இழப்பைத் தோட்டம் பொறுத்துக்கொள்கிறது. கடும் வறட்சியில் வெட்டினால் செடி பட்டுப்போகும் என்பதையும் அறிந்து, பருவம் பார்த்தே கத்தியை எடுக்கிறார்கள். முரண்டு பிடிக்கும் திறமைசாலியை ஏற்பவருக்கும் இந்தப் பொறுமையும் பருவம் அறியும் அறிவும் வேண்டும். அவை உள்ளவருக்கு அவனை ஏற்பது தகும். இல்லாதவருக்கு இலவசமாகக் கிடைத்தாலும் நட்டமே.