500 கஜத்துக்கு அப்பால்

கிரவுண்ட்ஹாக் என்ற பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் தரைப்பன்றி என்று வரும். உண்மையில் அது பன்றியன்று. அணில் குடும்பத்தைச் சேர்ந்தது. லடாக் சென்ற அன்பர்கள் கண்டிருக்கக்கூடிய மார்மட்டுக்குப் பங்காளி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், 1887 முதல் பிப்ரவரி 2-ஆம் நாள் இதன் நிழலைக் கொண்டு குளிர் நீடிக்குமா என்று குறி பார்க்கிறார்கள். கோடையிலோ அதே மாநிலத்து உழவர்கள் இதனைச் சுட்டுத் தரும்படி வேட்டைக்காரருக்கு வயலைத் திறந்துவிடுகிறார்கள்! சோயாத் தளிரை மேய்ந்துவிடுகிறது. தோண்டிய வளைகளில் டிராக்டர் சக்கரம் இறங்கிவிடுகிறது. உழவர் குறை பொய்யன்று.

வேட்டைக்காரர் சிலர் 500 கஜத்துக்கு அப்பாலிருந்தே சுடுகிறார்கள். இருபது பெட்டிகள் கோத்த ரயில்வண்டியின் ஒரு கோடியில் நின்று மறுகோடியில் உள்ள பூனையளவு பிராணியைக் குறிபார்ப்பது போலாகும். இதற்கென்றே கனத்த குழல் கடைந்து பொருத்திய துப்பாக்கியைத் தனியே செய்வித்துக்கொள்வர். 1967-இல் அம்மாநிலத்து வில்லியம்ஸ்போர்ட்டில் 1,000 கஜ இலக்குச் சுடுவோர் சங்கமே தோன்றியது.

கடைத் தோட்டாவை இவர்கள் நம்புவதில்லை. சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டைச் சீராக்கி, புதிய பிரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்திட்டு, மேலே குண்டை அழுத்தி வைப்பார்கள். நிறுப்பது கிரெயின் கணக்கில். அதிலும் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ ஆறரை மில்லிகிராம் வரை பார்ப்பார்கள். பார்சல் ஆபீஸ் தராசோடு பழகிய நமக்கு இது தூசியை நிறுப்பதாகவே தோன்றுகிறது. ஆயினும் காரணம் உண்டு. நூறு கஜத்துக்குச் சரிசெய்த துப்பாக்கியின் குண்டு 500 கஜத்தில் ஏறக்குறைய நான்கடி தாழ்ந்துவிடும். ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் சென்றாலன்றோ அத்தாழ்வைக் கணக்கிட்டுத் தொலைநோக்கியைத் திருப்பி வைக்கலாம்?

காற்றை நிறுக்கத் தராசில்லை. குண்டு சென்று சேர அரை வினாடிக்குச் சற்று மேலாகும். அதற்குள் பக்கக் காற்று அதனைச் சாணுக்கு மேல் தள்ளிவிடக்கூடும். தப்பிய குண்டு மண்ணில் புதைந்தால் நஷ்டமில்லை. அரைகுறையாகப் பட்டாலோ பிராணி வளைக்குள் ஊர்ந்துவிடும். அங்கே அது எவ்வளவு நேரம் துடித்தது என்பதை எவரும் அறியார். பயிர்க்காவலுக்கு இத்தனை தூரம் வேண்டியதில்லை என்பதே நம் கருத்து. தூரம் சுடுபவரின் ஆசைக்கானது. எனினும் அவர்களுள் தேர்ந்தவர், வழிநெடுகப் புல் எப்பக்கம் சாய்கிறது என்று வெகுநேரம் பார்த்திருப்பார். அருகில் ஒரு பக்கமும் நடுவயலில் மறுபக்கமும் சாய்ந்தால், தோட்டாவை வெளியே எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுவார். அப்பால் அந்தப் பிராணி மேய்ந்துகொண்டிருக்கும்.