லத்திக்குள் ஒளிந்திருக்கும் அடையாள அட்டை!

புலிகளைக் கணக்கெடுக்கும்போது காட்டுப் பாதையின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு கேமராக்களைக் கட்டுகிறார்களே, ஏன் தெரியுமா? புலிக்கு இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு! ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் ஒரே புலியை இரண்டாக எண்ணிவிடலாம்.

2018 கணக்கெடுப்பில் இந்தியக் காடுகளில் 26,838 இடங்களில் இப்படிக் கேமரா வைத்தார்கள். விழுந்த படங்கள் எத்தனை? 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல்! அதில் புலி இருந்தவை வெறும் 76,651. இந்தக் குவியலை மனிதர்கள் மட்டும் உட்கார்ந்து பிரித்தால் அடுத்த கணக்கெடுப்பே வந்துவிடும். எந்தப் படத்தில் எந்த விலங்கு என்று ஒரு மென்பொருள் பிரிக்க, இன்னொன்று கைரேகை பார்ப்பதுபோல வரிகளை ஒப்பிட்டது. கடைசியில் 2,461 புலிகள் தனித்தனியாக அடையாளம் தெரிந்தன. இந்தக் கணக்கெடுப்பே கின்னஸ் சாதனை!

கேமரா முறை வருவதற்கு முன்பெல்லாம்? காலடித் தடத்தைப் பார்த்து எண்ணிய கணக்குதான். ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிச்சமில்லை என்பது 2005இல் அம்பலமானபோது அந்தக் கணக்கின் லட்சணம் நாடு முழுக்கத் தெரிந்தது. இப்போது கடத்தல்காரரிடம் புலித்தோல் சிக்கினால், அந்த வரிகளைப் பழைய படங்களோடு ஒப்பிட்டு எந்தக் காட்டுப் புலி என்றுகூடச் சொல்லிவிட முடிகிறது!

சரி, வரியே இல்லாத யானையை என்ன செய்வது? லத்தியைப் பொறுக்கு! குடலிலிருந்து உரிந்துவரும் செல்கள் லத்தியில் ஒட்டியிருக்கும். அதிலுள்ள டி.என்.ஏ. யானைக்கு யானை வேறுபடும். நாடெங்கும் 21,056 லத்தி மாதிரிகளைச் சேகரித்து, 4,065 யானைகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு, அதிலிருந்து மொத்தம் 22,446 என்று மதிப்பிட்டார்கள். 2025இல் வெளியான கணக்கு இது. குனிந்து பொறுக்கிய அத்தனை கைகளுக்கும் ஒரு கும்பிடு!

எண்ணுவதற்கு மட்டுமல்ல, பெருக்குவதற்கும் அறிவியல் கைகொடுக்கிறது. கானமயில் என்ற பறவையின் கதை தெரியுமா? 2024 அக்டோபரில் ஜெய்சல்மேர் பக்கம் செயற்கைக் கருவூட்டலில் ஒரு குஞ்சு பொரிந்தது. தகப்பன் இருந்தது ராம்தேவ்ராவில், தாய் இருந்தது சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி சுதாசரியில்! இரண்டும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

இத்தனையிலும் என் ஓட்டு வால்பாறைக்குத்தான். அங்கே எஸ்டேட் பகுதிகளில் உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்குகள் உண்டு. யானை பக்கத்தில் வந்தால் செல்போனிலிருந்தே அந்த விளக்குகளை எரியவிடலாம். இருட்டில் வீடு திரும்பும் தொழிலாளி தூரத்திலேயே பார்த்து நின்றுவிடுவார். கூடவே குறுஞ்செய்தியும் வரும். சாதாரண செல்போன் போதும்!

அங்கிருந்து இறங்கிக் கோவைக்கு வந்தால் மதுக்கரை. காட்டை அறுத்துக்கொண்டு ஓடும் இரண்டு தண்டவாளங்களில் 2008 முதல் 11 யானைகள் ரயிலில் அடிபட்டுச் செத்தன. 2024 பிப்ரவரியில் தமிழக வனத்துறை அங்கே 12 கோபுரங்களை நிறுத்தியது. உடல் சூட்டை வைத்தே இருட்டிலும் யானையைக் காணும் வெப்பக் கேமராக்கள் அவற்றில் உண்டு. உருவம் யானைதானா என்று செயற்கை நுண்ணறிவு கண்டுபிடித்தவுடன் வனத்துறைக்கும் ரயில்வேக்கும் தகவல் பறக்கும். ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார்.

பாலக்காடு போகும்போது எட்டிமடை தாண்டி உங்கள் ரயில் ஊர்ந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். முன்னால் ஒரு யானைக்குட்டி தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருக்கலாம்.