விமானப் பராமரிப்புத் துறை: சான்றிதழ் மட்டும் போதாது

திருத்த வேலை முடிந்த விமானம் பறக்கத் தகுதியானது எனக் கையொப்பமிடும் அதிகாரம், அனுமதிப்பத்திரம் பெற்ற பொறியியலாளருக்கே உண்டு. உயர்ந்த சம்பளமும் வளைகுடா நாடுகளில் வேலைவாய்ப்பும் பெரும்பாலும் அந்தக் கையொப்பத்திலேயே தங்கியுள்ளன. பயிற்சி நிலையம் வழங்கும் சான்றிதழ் அனுமதிப்பத்திரமாகாது.

ஐரோப்பிய முறைப்படி, எஞ்சின் மற்றும் விமான உடற்பகுதிக்கு பீ1, இலத்திரனியல் பகுதிக்கு பீ2 ஆகியன பிரதான பிரிவுகளாகும். பரீட்சையில் ஒவ்வொரு பாடத்திலும் 75 வீதப் புள்ளி பெற வேண்டும். ஜெட் விமானங்களுக்கான பீ1 பெற, அங்கீகரிக்கப்பட்ட அடிப்படைப் பயிற்சியை முடித்தவருக்கு 2 வருட வேலை அனுபவம் போதும்; தொழில்நுட்பப் பயிற்சி எதுவும் இல்லாதவருக்கு 5 வருடங்கள் தேவை.

எனவே பெற்றோர்களே, கட்டணம் செலுத்த முன்னர் இரண்டு விடயங்களை விசாரியுங்கள்: பயிற்சி நெறிக்கு சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அங்கீகாரம் உண்டா? வேலை அனுபவம் பெற இடம் கிடைக்குமா?