கடுகினும் சிறிய காவலன்

உங்கள் வீட்டில் செம்பருத்தியோ பப்பாளியோ இருந்தால், அதன் இளந்தளிரையும் இலையின் அடிப்பக்கத்தையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். யாரோ அரிசி மாவைத் தூவிவிட்டது போல வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றனவா? தொட்டால் விரல் பிசுபிசுக்கிறதா? அது மாவன்று, உயிருள்ள பூச்சிக் கூட்டம். அதன் பெயரே மாவுப்பூச்சி.

மாவுப்பூச்சிகளில் பல வகை உண்டு. அவற்றுள் பப்பாளி மாவுப்பூச்சி என்னும் ஒரு வகை தமிழ்நாட்டு விவசாயிகளைக் கலங்க வைத்தது. பிறகு நம் கண்ணுக்கே எளிதில் தெரியாத ஒரு குளவி அதை அடக்கியது. அந்தக் கதையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

அழையா விருந்தாளி

பப்பாளி மாவுப்பூச்சியின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். இந்தியாவில் இது முதன்முதலாக 2008-ல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. அங்கிருந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி, கொய்யா என்று பல செடிகளுக்கும் பரவியது. இது செடியின் சாற்றை உறிஞ்சும். இனிப்பான கழிவுநீரை வெளியேற்றும். அந்த நீர் படிந்த இலைகளில் கரும்பூசணம் வளரும். சூரிய ஒளி தடைப்பட்டு ஒளிச்சேர்க்கை குறையும்.

பட்டுப்புழு வளர்ப்போரின் நிலை இன்னும் மோசம். மல்பெரி இலைதான் பட்டுப்புழுவின் உணவு. பட்டுப்புழுவும் ஒரு பூச்சியின் புழுதானே! இலையில் விஷம் தெளித்தால் மாவுப்பூச்சியோடு பட்டுப்புழுவும் சாகும். செய்வதறியாமல் மல்பெரிச் செடிகளையே பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு.

மருந்து ஏன் தோற்றது?

2009-ல் எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு பப்பாளி மரங்கள் இருந்தன. மாவுப்பூச்சி வந்ததும் கடையில் பூச்சிமருந்து வாங்கி வந்து நானே தெளித்தேன். மறுநாள் மரத்தடியில் செத்துக் கிடந்தவை பெரும்பாலும் பொறிவண்டுகள்! மாவுப்பூச்சிகள் பல இருந்த இடத்திலேயே இருந்தன. சில வாரங்களில் முன்னைவிடப் பெருகின. கடைசியில் இரு மரங்களையும் வெட்டி எரிக்க வேண்டியதாயிற்று. இயற்பியல் கற்பிக்கும் எனக்கு அதன் காரணம் அன்றே விளங்கியிருக்க வேண்டும்!

மாவுப்பூச்சியின் உடலை மூடியிருக்கும் வெள்ளைப் பொடி ஒருவகை மெழுகு. மெழுகுவர்த்தியின் மேல் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். நீர் பரவாது, முத்துப் போலத் திரண்டு நிற்கும். மெழுகு நீரை ஈர்ப்பதைவிட, நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று அதிகமாக ஈர்க்கின்றன. அதனால் வரும் மேற்பரப்பு இழுவிசைதான் துளியைத் திரட்டி நிறுத்துகிறது. நீரில் கலந்த மருந்தும் இப்படியே உருண்டோடிவிடும். மெழுகு இழைப் பைக்குள் இருக்கும் முட்டைகளுக்கு இன்னும் பாதுகாப்பு அதிகம். ஆனால் திறந்த வெளியில் ஓடித் திரியும் பொறிவண்டுக்கு இத்தகைய கவசம் கிடையாது.

ஒரு சிறு கணக்கு

ஒரு பெண் மாவுப்பூச்சி சில நூறு முட்டைகள் இடக்கூடும். நாம் 200 என்றே கொள்வோம். அவற்றில் பாதி, அதாவது 100, பெண் பூச்சிகள். இவை முட்டையிடும் பருவத்தை அடையச் சுமார் ஒரு மாதம் ஆகும். எல்லாம் பிழைத்தால் இரண்டாம் மாதத்தில் 10,000. மூன்றாம் மாதத்தில் 10 லட்சம். நான்காம் மாதத்தில் 10 கோடி!

இப்போது மருந்து தெளித்து 100-க்கு 90 பூச்சிகளைக் கொன்றுவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பெரிய வெற்றி போலத் தோன்றும். ஆனால் எஞ்சிய 10 பெண் பூச்சிகள் அடுத்த மாதமே 1,000 ஆகிவிடும். நம் கணக்குப்படி, ஒவ்வொரு தலைமுறையிலும் 100-க்கு 99 மடிந்தால்தான் எண்ணிக்கை கூடாமல் நிற்கும். மாதந்தோறும், செடிதோறும் இந்த வேலையை யார் செய்வது? மெக்சிகோவில் யார் செய்தார்கள்? அங்கே இதன் இயற்கை எதிரிகள் செய்துவந்தன. பூச்சி மட்டும் இங்கே வந்துவிட்டது. எதிரிகள் கூட வரவில்லை.

தேடி வந்த குளவி

அந்த எதிரிகளில் ஒன்று அசிரோபேகஸ் பப்பாயே என்னும் ஒட்டுண்ணிக் குளவி. இதன் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நம்மைக் கொட்டாது. பெண் குளவி மாவுப்பூச்சியின் குஞ்சைத் தேடிப் பிடித்து, ஊசி போன்ற உறுப்பால் மெழுகுக் கவசத்தைத் துளைத்து, உடலுக்குள்ளேயே முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு மாவுப்பூச்சியை உள்ளிருந்து தின்று வளரும். மாவுப்பூச்சி உப்பி, காய்ந்த கூடாகிவிடும். பின்பு குளவி அதில் ஒரு வட்டத் துளையிட்டு வெளியே பறந்து வரும்.

இந்தக் குளவிகள் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருக்குத் தருவிக்கப்பட்டன. உடனே திறந்துவிடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1935-ல் ஆஸ்திரேலியாவில் கரும்பு வண்டை ஒழிக்க ஒருவகைத் தேரையைக் கொண்டுவந்து விட்டார்கள். தேரை வண்டை அடக்கவில்லை, தானே பெருந்தொல்லையாகிவிட்டது. ஆகவே இந்தக் குளவி பட்டுப்புழு போன்ற நன்மை செய்யும் பூச்சிகளைத் தாக்குமா என்று முதலில் சோதித்தார்கள். தாக்காது என்று தெளிந்த பிறகே 2010 அக்டோபரில் தோட்டங்களில் விட்டார்கள். முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் குளவியைப் பெருக்கி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்கு வழங்கியது. சில மாதங்களிலேயே மாவுப்பூச்சியின் கொட்டம் அடங்கத் தொடங்கியது.

தானே இயங்கும் கட்டுப்பாடு

தானியங்கி இஸ்திரிப் பெட்டியில் சூடு மிகுந்தால் மின்சாரம் தானே நின்றுவிடும். சூடு குறைந்தால் தானே பாயும். தோட்டத்திலும் இதுவே நடக்கிறது. மாவுப்பூச்சி பெருகினால் குளவி முட்டையிட இடம் பெருகும், குளவியும் பெருகும். மாவுப்பூச்சி குறைந்தால் குளவியும் குறையும். இரண்டும் சிறிதளவு எஞ்சியிருக்கும். செடியில் நான்கைந்து மாவுப்பூச்சிகள் இருப்பது தோல்வியன்று. காவலனுக்கு நாம் தரும் சம்பளம்! கண்டபடி மருந்தடித்தால் இந்தக் கட்டுப்பாட்டையே உடைத்துவிடுகிறோம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

மிகவும் பாதித்த நுனிகளை வெட்டி அப்புறப்படுத்துங்கள். தொடக்க நிலையில் மிதமான சோப்புக் கரைசலைத் தெளிக்கலாம். சோப்பு நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், கரைசல் மெழுகின் மேலும் பரவும். எறும்புகளைக் கவனியுங்கள், இனிப்பு நீருக்காக அவை மாவுப்பூச்சிக்குக் காவல் நின்று அதன் எதிரிகளை விரட்டும்.

நசுக்குவதற்கு முன் உற்றுப் பாருங்கள். மாவுப்பூச்சியை உண்ணும் ஒரு பொறிவண்டின் புழுவும் வெள்ளை மெழுகு இழைகளைப் போர்த்தியிருக்கும். ஆனால் அது உருவில் பெரியது, சுறுசுறுப்பாக ஓடும். குரங்கு முகம் போன்ற சிறிய கூட்டுப்புழு தென்பட்டால் அதுவும் நண்பனே. மாவுப்பூச்சி தின்னும் ஒரு வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு அது.

மாவுப்பூச்சி உள்ள இலையொன்றை ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, இரண்டு வாரம் வரை கவனித்து வாருங்கள். உப்பிய கூடுகளும் அவற்றில் வட்டத் துளைகளும் தெரிந்தால், உங்கள் தோட்டத்துக்குக் காவலன் வந்துவிட்டான் என்று பொருள். பார்த்து முடித்ததும் புட்டியைச் செடிக்கருகே திறந்து விடுங்கள். அவனுக்கு வேலை இருக்கிறது!