இழுக்கும் குதிரைக்கு ஒரு சுருள்வில்

குதிரை வண்டியின் இருக்கைக்கு அடியில் எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த வில் ஒன்று பொருத்தப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். சாலையின் மேடுபள்ளங்களால் எழும் அதிர்ச்சி, அமர்ந்திருப்பவரின் முதுகெலும்பை எட்டாமல் அது தாங்கிக்கொள்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஒபதையா எலியட் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின்னர் வண்டி கட்டும் தொழிலில் பெரும் மாறுதல் ஏற்பட்டது எனலாம். ஆனால் அதே மேடுபள்ளத்தின் அதிர்ச்சி முன்னோக்கிச் சென்று குதிரையின் தோளிலும் மார்பிலும் இறங்குவதைத் தடுப்பதற்கு நம் நாட்டு வண்டிகளில் பெரும்பாலும் எவ்வித ஏற்பாடும் இல்லை. அமர்பவருக்கு வில் உண்டு, இழுப்பதற்கு இல்லை.

இக்குறையை நீக்கக்கூடிய கருவி புதியதன்று. சேணத்தின் இழுவாருக்கும் வண்டிக்கும் இடையே ஒரு சுருள்வில்லைப் பொருத்துவதே அதன் சாரம். இதற்கென அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டிலேயே பல காப்புரிமைகள் பதிவாயின. மோட்டார் வாகனம் பரவியதும் அம்முயற்சிகள் மறக்கப்பட்டன. குதிரைகளோ முற்றிலும் ஓய்வு பெற்றுவிடவில்லை. 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 6.25 இலட்சமாக இருந்த குதிரைகள், மட்டக்குதிரைகளின் எண்ணிக்கை 2019இல் சுமார் 3.42 இலட்சமாகக் குறைந்தது. குறைந்தது உண்மையே, எனினும் உத்தரப் பிரதேசம், இராஜஸ்தான் முதலிய மாநிலங்களின் செங்கற் சூளைகளில் பச்சைக் கல்லைச் சூளைக்குக் கொண்டு சேர்ப்பதில் குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் இன்றும் பங்குண்டு. அங்குள்ள பாதை, சாலை என்னும் பெயருக்கே உரியதன்று. உடைந்த கல்லும் சக்கரத் தடம் பதிந்த குழியும் நிறைந்த மண்வழி அது.

இழுவையின் இயல்பு

நல்ல உடல்நிலையிலுள்ள குதிரை, நாள் முழுவதும் களைப்பின்றித் தொடர்ந்து செலுத்தக்கூடிய இழுவிசை அதன் உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு முதல் ஏழில் ஒரு பங்கு வரை எனக் கொள்வது வழக்கம். 400 கிலோகிராம் எடையுள்ள குதிரைக்கு இது 40 முதல் 60 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையாகும். 50 கிலோகிராம் விசையுடன் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அது நடந்தால், ஆற்றல் ஏறத்தாழ 490 வாட். ஜேம்ஸ் வாட் வகுத்த குதிரைத்திறன் அளவான 746 வாட்டில் இது மூன்றில் இரண்டு பங்கு. சமதளத்தில், சீரான நடையில், உருண்டுகொண்டிருக்கும் வண்டியை இழுப்பதற்கு இது போதுமானதே.

துன்பம் சராசரியில் இல்லை, உச்சத்தில் இருக்கிறது. நின்ற வண்டியை நகர்த்த வேண்டிய விசை, உருளும் வண்டியை இழுக்க வேண்டியதைப் போல் பல மடங்காகும். சக்கரம் கல்லில் முட்டும்போதும் குழியிலிருந்து ஏறும்போதும் இழுவிசை திடீரென எழுகிறது. இவற்றினும் கொடியது வேறொன்று. வண்டியோட்டி சாட்டையைச் சுழற்றியதும் குதிரை பாய்ந்து முன்செல்கிறது. அதுவரை தளர்ந்து தொங்கிய இழுவார் ஒரு நொடியில் விறைக்கிறது. அசையாத சுமை குதிரையின் மார்பை அப்படியே பின்னிழுக்கிறது.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 400 கிலோகிராம் எடையுள்ள குதிரை நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் முன்னே செல்கையில் அதன் இயக்க ஆற்றல் 50 ஜூல். வார் விறைத்து, ஒரு சென்டிமீட்டர் தொலைவுக்குள் அக்குதிரை தடுத்து நிறுத்தப்படுவதாகக் கொண்டால், சராசரித் தடைவிசை 5,000 நியூட்டன். அதாவது 500 கிலோகிராமுக்குச் சற்று மேல். அதே ஆற்றலை ஒரு சுருள்வில் 10 சென்டிமீட்டர் தொலைவில் ஏற்றுக்கொண்டால் சராசரி விசை 500 நியூட்டன், ஏறத்தாழ 51 கிலோகிராம். வில்லின் விசை படிப்படியாக உயர்வதால் இறுதியில் அது இதன் இரு மடங்கை எட்டும். அப்போதும் முன்னதில் ஐந்தில் ஒரு பங்கே. உண்மையில் தசையும் தோற்பட்டையும் சிறிது இளகிக் கொடுக்கும், வண்டியும் சற்று நகரும் என்பதால் இவ்வெண்களை அப்படியே நடைமுறைக்குப் பொருத்தலாகாது. ஆயினும் விறைப்பான பூட்டுக்கும் இளகும் பூட்டுக்கும் உள்ள வேறுபாட்டின் அளவு இதிலிருந்து புலனாகும்.

பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியேன் ஜூல் மாரே 1870களிலேயே இதனை ஆராய்ந்தார். குதிரையின் குளம்பில் காற்றுப்பைக் கருவியைக் கட்டி அதன் நடையைத் தாளில் பதிவு செய்தவர் அவரே. சுமைக்கும் இழுப்பவருக்கும் நடுவே மீள்தன்மையுள்ள இணைப்பை வைத்து, இழுவிசை மாறுவதையும் அவ்வாறே வரைகோடாகப் பதிவு செய்தார். விறைப்பான இணைப்பில் கூர்மையாக எழுந்து விழுந்த கோடு, மீள்தன்மையுள்ள இணைப்பில் மழுங்கித் தணிந்தது.

இங்கு ஒரு தவறான எண்ணத்தை அகற்ற வேண்டும். சுருள்வில் புதிதாக ஆற்றல் எதனையும் உண்டாக்குவதில்லை. சீராக உருளும் வண்டியின் இழுவிசையை அது ஒரு கிராம்கூடக் குறைப்பதில்லை. மோதலில் வெப்பமாகவும் அதிர்வாகவும் வீணாகும் ஆற்றலின் ஒரு பகுதியைச் சேமித்து, அடுத்த கணத்தில் சுமையை நகர்த்துவதற்குத் திருப்பித் தருகிறது. அவ்வளவே. எனவே வில் பொருத்திய வண்டியில் கூடுதல் சுமை ஏற்றலாம் என்று கருதுவோர், கருவியின் பயனை முற்றிலும் தலைகீழாகப் புரிந்துகொண்டவர் ஆவர்.

டிராம் வண்டிகள் தந்த பாடம்

நின்று நின்று புறப்படும் வேலையின் கடுமையை இந்திய நகரங்கள் ஒரு காலத்தில் நன்கு கண்டிருக்கின்றன. கல்கத்தாவில் 1873 பிப்ரவரி 24 அன்று சியால்தாவுக்கும் ஆர்மீனியன் துறைக்கும் இடையே குதிரை டிராம் ஓடத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே அது நிறுத்தப்பட்டு, 1880இல் புதிய நிறுவனத்தின் கீழ் மீண்டும் தொடங்கிற்று. பம்பாயில் 1874இல் குதிரை டிராம் வந்தது. இருப்புப் பாதையில் உருளும் வண்டிக்கு உராய்வு மிகக் குறைவு. ஓடத் தொடங்கிவிட்டால் இழுப்பது எளிது. ஆனால் பயணிகள் நிறைந்த வண்டியை ஒவ்வொரு நிறுத்தத்திலும் அசையாநிலையிலிருந்து கிளப்புவது குதிரைகளை வாட்டியது. குளிர்ந்த தட்பவெப்பத்தில் வளர்ந்து கடல் கடந்து வந்த குதிரைகள் வங்காளத்தின் கோடையில் மாண்டன. நீராவி எஞ்சினும் அங்கே சோதித்துப் பார்க்கப்பட்டது. 1902இல் கல்கத்தாவிலும் 1907இல் பம்பாயிலும் மின்சார டிராம் வந்ததும் குதிரைகளுக்கு அத்தொல்லை ஒழிந்தது. ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட எத்தனை முறை புறப்பட்டது என்பதே குதிரையின் உழைப்பை அளக்கும் சரியான கோலாகும். சூளை வண்டிக்கும் இது பொருந்தும்.

அமைப்பு

மிக எளிய அமைப்பில், உறுதியான எஃகுச் சுருள் ஒன்றினுள் நீண்ட கொக்கிகள் இரண்டு எதிரெதிர்த் திசையில் செருகப்படுகின்றன. ஒவ்வொரு கொக்கியின் கோடியும் சுருளின் எதிர்ப்பக்க விளிம்பைப் பற்றியிருக்கும். ஆகவே கொக்கிகளை வெளிப்புறமாக இழுத்தால் சுருள் நீள்வதற்குப் பதிலாக அமுங்குகிறது. இதில் இரு நன்மைகள் உள்ளன. அளவுக்கு மீறிய விசை வந்தால் சுருளின் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நின்றுவிடும், வில் கெடாது. ஒருவேளை சுருள் முறிந்தாலும் பெரும்பாலும் கொக்கிகள் ஒன்றையொன்று பற்றி நிற்பதால் வண்டி அறுந்து உருண்டோடும் அபாயம் குறைவு. நீளும் வகைச் சுருளில் இப்பாதுகாப்பு இல்லை. முறிந்த கணமே குதிரை வேறு, வண்டி வேறு. சரிவான பாதையில் இதன் விளைவைக் கூற வேண்டியதில்லை.

வில்லின் விறைப்பைத் தேர்வதே கடினமான பகுதி. மிகவும் இளகியதாயின் சாதாரண நடையிலேயே முழுவதும் அமுங்கி, அதிர்ச்சி வரும் வேளையில் வெறும் இரும்புத் துண்டாகிவிடும். மிகவும் விறைப்பாயின் இருந்தும் இல்லாததே. மொத்த இழுவிசை 50 கிலோகிராமாக இருக்கும்போது நான்கைந்து சென்டிமீட்டர் அமுங்கி, அதன் மூன்று மடங்கு வரை இடம் கொடுக்கும் வில் ஒற்றைக் குதிரை வண்டிக்கு நியாயமான தொடக்கமாகும். இரு பக்க வார்களிலும் தனித்தனி வில் வைத்தால் ஒவ்வொன்றும் பாதி விசையையே ஏற்கும் என்பதை மறக்கலாகாது. வில்லின் அசைவு குதிரையின் காலடித் தாளத்தோடு ஒத்துவிட்டால் வண்டி முன்னும் பின்னும் ஊசலாடும். ஒரு துண்டு ரப்பரையோ கம்பளியையோ சுருளோடு சேர்த்தால் அவ்வூசல் தணியும்.

எனினும் வில்லை மட்டும் வாங்கி மாட்டுவதால் பயன் விளைந்துவிடாது. வட இந்திய எக்கா முதலிய பல வண்டிகளில் சுமையின் ஒரு பகுதி பக்கக் கோல்களின் வழியே குதிரையின் முதுகில் அழுந்துகிறது. இழுவார் இன்றிக் கோல்களைச் சேணத்தோடு இறுகக் கட்டி, அவற்றாலேயே இழுக்கும் வழக்கமும் காணப்படுகிறது. இத்தகைய பூட்டில் இழுவைச் சுருள்வில்லுக்கு இடமே இல்லை. முதலில் மார்புப்பட்டையோ கழுத்து வளையமோ இழுவாரோடு அமைய வேண்டும்; வார்கள் இரண்டும் நடுவில் திரும்பக்கூடிய குறுக்குக் கட்டையில் சேர வேண்டும்; அக்கட்டைக்கும் வண்டிக்கும் இடையே வில் வர வேண்டும். இறக்கத்தில் வண்டி குதிரையை முட்டாதிருக்கப் பின்தொடைப் பட்டையும் தேவை. அங்கே இழுவை வில் உதவாது. பாரம் முன்னோ பின்னோ சாயாமல் அச்சின் மீது சமமாக அமைவதும் ஏற்றுபவரின் கையில் இருக்கிறது.

சட்டமும் நடைமுறையும்

விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இன் கீழ், இழுவை மற்றும் பொதி விலங்குகளுக்கான விதிகள் 1965இல் வகுக்கப்பட்டன. இரு சக்கர வண்டியில் குதிரைக்கோ கோவேறு கழுதைக்கோ ஏற்றத்தக்க உச்ச அளவு, காற்றடைத்த டயர் இருப்பின் 750 கிலோகிராம், இல்லையேல் 500. மட்டக்குதிரைக்கு முறையே 600, 400. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், இடைவிடாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 டிகிரி செல்சியசைத் தாண்டும் பகுதிகளில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு தர வேண்டும். முள் வைத்த கடிவாளமும் சேணமும் தடை செய்யப்பட்டுள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை எடையையும் நேரத்தையும் பற்றியவை. சேணம் உடலில் எவ்வாறு பொருந்த வேண்டும், இழுவை எவ்வழியே செல்ல வேண்டும் என்பதை எண்களால் விதித்துவிட முடியாது; பயிற்சியால் மட்டுமே பரப்ப முடியும்.

கான்பூரின் சேணத் தொழில் உலகச் சந்தையில் பெயர் பெற்றது. அங்கிருந்து மெத்தை வைத்த நேர்த்தியான சேணங்கள் அயல்நாட்டுச் சவாரிக் குதிரைகளுக்குச் செல்கின்றன. அதே மாநிலத்தின் சூளைக் குதிரையின் முதுகில் பழைய சாக்கும் நைலான் கயிறும் கிடப்பதைக் காண்பது அரிதன்று. திறன் இல்லாமையால் நேர்ந்த நிலை அன்று இது. வாங்குபவரின் கையில் பணம் இல்லாமையால் நேர்ந்தது. புண்பட்ட குதிரை வேலைக்கு வராத ஒவ்வொரு நாளும் அக்குடும்பத்துக்குக் கூலி இல்லை. நாட்கூலி இழப்பையும் மருந்துச் செலவையும் வில்லின் விலையோடு ஒப்பிட்டுக் காட்டினால், கடன் வழங்கும் அலுவலர் மட்டுமன்றி வண்டிக்காரரும் அதனை எளிதில் ஏற்பார்.

களத்தில் சோதிப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. இழுவாருக்கும் வண்டிக்கும் இடையே போதிய அளவுள்ள வில் தராசு ஒன்றை மாட்டி, அதே பாரத்துடன் அதே குழியைத் தாண்டச் செய்து, முள் எட்டும் உச்சத்தைச் சுருள்வில் இன்றி ஒரு முறையும் சுருள்வில்லோடு ஒரு முறையும் குறித்துக்கொள்ளலாம். தராசினுள் இருப்பதும் ஒரு வில்லே ஆதலால் இரு அளவும் உள்ளதைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். ஒப்பிடுவதற்கு அது தடையன்று. வேலை முடிந்து சேணத்தைக் கழற்றியவுடன் தோலையும் பார்க்க வேண்டும். வியர்வை சீராகப் படிந்திருந்தால் பட்டை சரியாகப் பொருந்தியிருக்கிறது எனலாம். சுற்றிலும் நனைந்திருக்க நடுவில் மட்டும் உலர்ந்த திட்டு தென்பட்டால், அங்கே அழுத்தம் அளவு மீறியிருக்கிறது; சில நாட்களில் புண் தோன்றும் இடம் பெரும்பாலும் அதுவே.