உணவு ஒவ்வாத நாய்க்குத் தகுந்த ஆகாரம்

நிலக்கடலைக் கொல்லையிலும் ஆட்டுக் கிடையிலும் இரவெல்லாம் விழித்திருந்து காவல் செய்யும் நாய்க்கு நாம் கொடுக்கும் கூலி அதன் ஆகாரம் ஒன்றே. அந்தக் கூலியே சில நாய்களுக்கு வியாதியாய் முடிகிறது என்பதைக் குடியானவர்களில் அநேகர் அறியார். உரோமம் உதிர்ந்து, தோல் தடித்து, ஓயாமல் சொறிந்துகொண்டிருக்கும் நாயைக் கண்டால் “சொறிநாய்” என்று ஒதுக்குவதும், ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவதும் வழக்கமாயிருக்கிறது. அவற்றுள் சில, ஆகாரத்தை மாற்றிய மாத்திரத்தில் குணமடையக்கூடியவை. அவ்வாறு மாற்றும் முறையை இங்கே விவரிக்கிறோம்.

ரமணாசிரமம் பகுதியில் கண்டது

திருவண்ணாமலை நகரத்துக்குத் தென்மேற்கே, செங்கம் சாலையில், மலையின் தென் அடிவாரத்தில் ரமணாசிரமம் அமைந்திருக்கிறது. பிராணிகளுக்கு அன்னமிடுவது இப்பகுதியில் நெடுநாளைய வழக்கம். ரமண மகரிஷி (1879–1950) காலத்தில் பசுவும் மானும் நாயும் காகமும் அங்கு மனிதரோடு ஒன்றாய் வாழ்ந்தன. 1948-ல் இறந்த லக்ஷ்மி என்னும் பசுவின் சமாதியையும், அதனருகே மான், காகம், ஜாக்கி என்னும் நாய் ஆகியவற்றின் சமாதிகளையும் இன்றும் காணலாம். 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் வலம் வரும் ஜனங்கள் நாய்களுக்கு ரொட்டியும் பிஸ்கோத்தும் பாலும் அன்னதானச் சோறும் இட்டுச் செல்கிறார்கள். இந்த ஜீவகாருண்யத்தைக் குறை கூறுவார் இல்லை. ஆயினும் உணவு ஒவ்வாத நாய் ஒன்று இப்பாதையோரம் வாழுமானால், அது என்ன தின்றது என்று சொல்ல எவராலும் முடியாது.

இப்பகுதியில் தோட்டமும் இரண்டு கறவை மாடுகளும் உடைய ஒரு நிலச்சுவான்தாரர், தம் காவல் நாயை எனக்குக் காட்டினார். வயது நான்கு, எடை ஏறக்குறைய 20 கிலோ. காதுகள் சிவந்து நாற்றமெடுத்தன. பாதங்களை ஓயாமல் நக்கியதால் உரோமம் பழுப்பேறியிருந்தது. வயிற்றின் அடிப்புறம் புண்ணாயிருந்தது. கழிவு எண்ணெய் பூசியும் பயனில்லை. அக்கம்பக்கத்தார், அது குழந்தைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயமுறுத்தவே, மலைக்கு அப்பால் விட்டுவிடத் தீர்மானித்திருந்தார். இரண்டு மாத அவகாசம் கேட்டேன்.

வியாதியின் தன்மை

உடம்புக்குள் நுழையும் கிருமிகளை எதிர்ப்பதற்கென்று தேகத்தில் ஒரு சக்தி உண்டு. அச்சக்தி, உணவிலுள்ள புரதம் ஒன்றைத் தவறுதலாய்ப் பகையென்று கருதி எதிர்ப்பதே ஒவ்வாமையாகும். இது புதிதாய்த் தின்ற பொருளால் வருவதைக் காட்டிலும், மாதக்கணக்காய், வருஷக்கணக்காய்த் தின்று பழகிய பொருளாலேயே பெரும்பாலும் வருகிறது. “இத்தனை நாள் இதைத்தானே தின்றது” என்னும் சமாதானம் ஆகையால் செல்லாது. பால் குடித்தவுடன் கழிச்சல் மட்டும் காண்பது வேறு விஷயம். அது பாலிலுள்ள சர்க்கரையை ஜீரணிக்க இயலாமையால் வருவது, ஒவ்வாமை அன்று.

காது, பாதம், அக்குள், வயிற்றடி, ஆசனவாய் ஆகிய இடங்களில் அரிப்பு உண்டாவது பிரதான அடையாளம். இது வெயில் காலம், மழைக் காலம் என்ற பேதமின்றி வருஷம் முழுதும் நீடிக்கும். சில நாய்கள் நாள் ஒன்றுக்குப் பலமுறை மலங்கழிக்கும். சில அடிக்கடி வாந்தியெடுக்கும். ஒரு வயது நிரம்பாத குட்டிக்கும் இவ்வியாதி வரக்கூடும்.

முதலில் விலக்க வேண்டியவை

அரிப்பெல்லாம் ஆகாரத்தால் வருவதல்ல. தெள்ளுப்பூச்சி, உண்ணி, சொறிப்பூச்சி ஆகியவற்றால் வருவதே நம் நாட்டில் அதிகம். வாலின் அடியிலும் முதுகின் பின்பாகத்திலும் மட்டும் அரித்தால் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும். ஆகவே கால்நடை மருத்துவரிடம் காட்டித் தோலைச் சுரண்டிப் பரீக்ஷித்து, பூச்சிகளை ஒழித்து, காதிலும் தோலிலும் உள்ள சீழுக்குச் சிகிச்சை செய்துகொண்ட பிறகே ஆகாரத்தின்மேல் கவனம் செலுத்த வேண்டும். மண்ணெண்ணெய், இயந்திரக் கழிவு எண்ணெய், பயிருக்குத் தெளிக்கும் பூச்சி மருந்து ஆகியவற்றை நாயின் உடம்பில் எக்காரணம் கொண்டும் பூசலாகாது. நாய் அவற்றை நக்கி விஷமேறி இறக்கக்கூடும்.

இரத்தம், உமிழ்நீர், உரோமம் ஆகியவற்றைச் சோதித்து ஒவ்வாத உணவைக் கூறுவதாக விளம்பரங்கள் வருகின்றன. அவற்றின் முடிவுகள் நம்பத்தக்கவையல்ல. ஆகாரத்தை மாற்றிப் பார்ப்பது ஒன்றே நிச்சயமான பரீக்ஷை.

எவ்வுணவு அதிகமாய் ஒவ்வுவதில்லை

2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சித் தொகுப்பு, உணவு ஒவ்வாமை நிரூபிக்கப்பட்ட 297 நாய்களைப் பற்றிக் கூறுகிறது. அவற்றில் நூற்றுக்கு 34 நாய்களுக்கு மாட்டிறைச்சியும், 17 நாய்களுக்குப் பாலும் பால் பண்டங்களும், 15 நாய்களுக்குக் கோழியும், 13 நாய்களுக்குக் கோதுமையும் ஒவ்வவில்லை. மீனும் அரிசியும் நூற்றுக்கு 2 என்ற அளவிலேயே காணப்பட்டன. இவை பெரும்பாலும் அயல்நாட்டு நாய்களைப் பற்றிய கணக்கு. எனினும் பாற்சோறும், கோதுமையும் பால்தூளும் சேர்ந்த பிஸ்கோத்தும், கோழிக் கழிவும் நம் நாய்களின் நித்திய ஆகாரமாகையால், இக்கணக்கு நமக்கும் பாடமாகும்.

சோதனை ஆகாரத்தைத் தேர்ந்தெடுத்தல்

விலை உயர்ந்த ஆகாரம் நல்ல ஆகாரம் என்று எண்ணுவது தவறு. அந்த நாய் இதுவரை தின்றறியாத ஒரு புரதமும், தின்றறியாத ஒரு தானியம் அல்லது கிழங்கும் சேர்ந்ததே தகுந்த ஆகாரம். எனவே முதலில் காகிதமும் பேனாவும் எடுத்து, நாய் தின்றவை அனைத்தையும் எழுத வேண்டும்.

மீன் தின்றறியாத நாய்க்கு ஏரி மீனோ சாத்தனூர் அணை மீனோ தகும். கருவாடு உப்பு மிகுந்ததாகையால் கூடாது. ஆட்டிறைச்சியும் ஏற்றதே, ஆனால் பால் அல்லது மாட்டிறைச்சியின்மேல் சந்தேகமிருந்தால், ஆட்டிறைச்சியும் ஆட்டுப்பாலும் ஒவ்வாமற் போகலாம். அவை ஒன்றுக்கொன்று நெருங்கிய இனமானவை. தானியத்தில் ஜவ்வாது மலைச் சாமையும், கிழங்கில் சர்க்கரைவள்ளியும் நம் ஜில்லாவில் எளிதில் கிடைப்பவை.

புலால் சமைக்காத வீட்டார் இப்பகுதியில் அநேகர். அவர்கள், புரதத்தை மிக நுண்ணிதாய்ச் சிதைத்துத் தயாரித்த விசேஷத் தீனியை மருத்துவர் மூலம் வாங்கலாம், விலை அதிகம். அல்லது நாய் தின்றறியாத காராமணி, கொள்ளு போன்ற பயறு ஒன்றைக் குழைய வேகவைத்துச் சாமையுடன் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் இது வளர்ந்த நாய்க்கு மட்டும், மருத்துவரின் மேற்பார்வையில், சோதனைக் காலத்துக்கு மட்டுமே உரியது.

அளவும் பக்குவமும்

20 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாள் ஒன்றுக்கு உத்தேச அளவு வருமாறு:

சாமையரிசி – 150 கிராம்
முள் நீக்கிய மீன் சதை – 350 கிராம்
பரங்கி அல்லது சுரைக்காய் – 100 கிராம்
சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் – 2 தேக்கரண்டி

சாமையைக் குழைய வேகவைத்து, மீனைத் தனியே நீரில் வேகவைத்து முள்ளெடுத்துச் சேர்த்து, இரு வேளையாகப் பிரித்து வைக்க வேண்டும். மசாலை, வெங்காயம், பூண்டு சேர்க்கலாகாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுப்பவை. திராட்சை மூத்திரப் பிண்டத்தைக் கெடுக்கும். ஆகையால் முந்திரியும் திராட்சையும் போட்ட சர்க்கரைப் பொங்கலையும் பாயசத்தையும் எந்த நாய்க்கும் வைக்க வேண்டா. வேகவைத்த எலும்பும் கூடாது. பழைய ஆகாரத்திலிருந்து புதியதற்கு நாலைந்து நாளில் சிறுகச் சிறுக மாற்ற வேண்டும். வாரந்தோறும் எடை பார்த்து, இளைத்தால் அளவைக் கூட்டுக. இவ்வாகாரத்தில் சுண்ணாம்புச் சத்து குறைவு. மருத்துவர் கூறும் மாத்திரையால் அதை ஈடு செய்க. வளரும் குட்டிக்கும் சினை நாய்க்கும் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடங்கலாகாது.

எட்டு வாரக் கட்டுப்பாடு

இச்சோதனையை எட்டு வாரம் நடத்த வேண்டும். உணவு ஒவ்வாத நாய்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இக்காலத்துக்குள் குணம் காட்டுகின்றன. மூன்றாம் வாரத்தில் பயனில்லை என்று கைவிடுவோரே அதிகம்.

உரப் பரீக்ஷை செய்யும் குடியானவர், ஒரு பாத்திக்கு உரமிட்டு மறு பாத்தியைச் சும்மா விடுகிறார். சும்மா விட்ட பாத்தியில் ஒரு கை உரம் விழுந்தாலும் பரீக்ஷை கெடும். இங்கும் அப்படியே. ஒரு பிஸ்கோத்துத் துண்டும் பல நாள் உழைப்பை வீணாக்கிவிடும். வாசனையூட்டிய பூச்சி மாத்திரைகளில் இறைச்சிச் சத்து இருக்கக்கூடுமாதலால், அதையும் மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்து பெற வேண்டும். கிரிவலப் பாதையோரம் குடியிருப்போர், எட்டு வாரத்துக்குள் ஒரு பௌர்ணமியாவது வந்தே தீரும் என்பதை நினைவில் வைத்து, அன்றிரவு நாயைப் பின்கட்டில் கட்டி வைப்பாராக. “மருந்துண்ணும் நாய், ஆகாரம் இட வேண்டா” என்று வாயிலில் ஒரு பலகை தொங்கவிடுவதும் பயன் தரும்.

நான் மேலே கூறிய நாய்க்கு மீனும் சாமையும் கொடுத்தோம். நாலு வாரத்தில் அரிப்பு தணிந்தது. ஐந்தாம் வாரத்தில் மறுபடியும் காது சிவந்தது. தவறு என்னுடையது. அதன் தட்டில் வைப்பதை மட்டும் விசாரித்தேனேயன்றி, தட்டுக்கு வெளியே தின்பதை விசாரிக்கவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது, பால் கறக்கும் வேளையில் நாய் தொழுவத்துக்குள் புகுந்து, சிந்திய பாலையும், கன்றுக்குப் பால் வைத்த பாத்திரத்தையும் நக்குவது தெரிந்தது. கறக்கும் வேளையில் நாயைக் கட்டச் செய்து, கணக்கை முதல் நாளிலிருந்து மறுபடியும் தொடங்கினோம். எட்டாம் வார முடிவில் புண்கள் ஆறி, உரோமம் முளைத்திருந்தது.

திரும்பக் கொடுத்துப் பார்த்தல்

குணமடைந்ததோடு நிறுத்திவிட்டால், அது ஆகாரத்தால் வந்ததா, தற்செயலா என்பது விளங்காது. பழைய ஆகாரத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும். ஒவ்வாமை உண்மையானால், சில மணி நேரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பும். திரும்பியவுடன் சோதனை ஆகாரத்துக்கு மாற்றி, குணமானபின் பொருள்களை ஒவ்வொன்றாய், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் விட்டு, சேர்த்துப் பார்க்க வேண்டும். தேதியும் பொருளும் குறிப்புப் புத்தகத்தில் ஏறவேண்டும்.

மேற்படி நாய்க்குப் பழைய ஆகாரம் கொடுத்த ஐந்தாம் நாள் அரிப்பு திரும்பியது. பின்னர் அரிசி, கோழி, வெறும் கோதுமை மூன்றும் தனித்தனியே கெடுதல் செய்யவில்லை. பால் கொடுத்த மூன்றாம் நாள் காது சிவந்தது. பாலும் தயிரும் பால்தூள் சேர்ந்த பிஸ்கோத்தும் விலக்கப்பட்டன. இப்போது அது அரிசிச் சோறும் கோழியும் மீனும் உண்டு காவல் செய்கிறது. நாள்தோறும் அதற்கு ஊற்றிய பால் சங்கத்துக்குப் போகிறது. வீட்டுச் சமையலையே நெடுநாள் கொடுப்பதாயின் சத்துக்களின் அளவை ஒருமுறை மருத்துவரிடம் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

கிராம அதிகாரிகளுக்கு

சொறிநாயைக் குறித்துப் புகார் வரும்போது மூன்று விஷயங்களைப் பிரித்தறிய வேண்டும். உணவு ஒவ்வாமை எவருக்கும் தொற்றாது. சொறிப்பூச்சியால் வரும் சொறி தொற்றும். ஆனால் சிகிச்சையால் தீரும். வெறிநோய் இவ்விரண்டினும் வேறு. குணம் மாறுதல், விழுங்க இயலாமை, எச்சில் வடிதல், தாடை தொங்குதல் ஆகியவை அதன் அடையாளங்கள். அவை கண்ட நாய் பெரும்பாலும் பத்து நாளைக்குள் இறந்துவிடும். மாதக்கணக்காய்ச் சொறிந்துகொண்டும், நன்றாய்த் தின்றுகொண்டும், எஜமானனை அறிந்துகொண்டும் இருக்கும் நாய்க்கு அந்தச் சொறியினால் வெறி என்று சொல்வது தவறு. எந்த நாய் கடித்தாலும் கடிவாயைச் சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வாமையுள்ள நாய்க்கும் வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறவிடலாகாது. தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து தடுப்பூசி போடும் பொறுப்பை, 2023-ஆம் வருஷத்துப் பிராணிகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் ஸ்தல ஸ்தாபனங்களிடம் ஒப்படைத்திருக்கின்றன. சொறி பிடித்தது என்பதற்காக அடித்துக் கொல்ல எவருக்கும் அதிகாரமில்லை.

சுருங்கச் சொன்னால், பூச்சியை முதலில் ஒழித்து, தின்றறியாத இரண்டு பொருளைத் தேர்ந்து, எட்டு வாரம் வேறெதுவும் வாயில் படாமல் காத்து, பிறகு ஒவ்வொன்றாய்ச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவற்றில் செலவு குறைவு, காவலே அதிகம். வருஷமெல்லாம் நம் கொல்லையைக் காத்த நாயை, இரண்டு மாதம் நாம் காப்பது பெரிதன்று.